அவசரம் லேது

“பொண்ணு பாக்க லீவா? சீசன்லயா?” என்று கேட்டார் முதலாளி முனிரத்தினம்.

அவர் கேட்ட தோரணையைப் பார்த்தால், ஜெயபிரகாஷ் பாய்லரைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி கேட்டான் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பங்காருபாளையம் பக்கத்து மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளில் சீசன் என்பது தனி ராஜாங்கம். தோதாபுரி மாங்காய் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டால் அங்கே வேலை செய்கிறவனுக்கு ஜுரம் வரக்கூடாது, சொந்தத்தில் சாவு விழக்கூடாது, முக்கியமாகக் கல்யாண ஆசை வரவே கூடாது.

“வெள்ளிக்கிழம ஒரு நாள்தான் சார். திருப்பதிதான். காலைல போய் சாயங்காலம் வந்துடுவேன்.”

“ஒரு நாளைக்கு எத்தன மெயிலு வருது, தெரியுமா உனக்கு?”

ஜெயபிரகாஷுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும். விசிட்டிங் கார்டில் அவன் சிஸ்டம்ஸ் மேனேஜர். நடைமுறையில், தோப்புக்காரர்களும் கூழ் அடைக்கிற டிரம் விற்பவர்களும் லாரி ஏஜெண்டுகளும் போடுகிற மெயில்களுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பவன்.

“பதில் லேட்டாச்சுன்னா லோடு வேற ஃபேக்டரிக்குப் போயிடும். அப்புறம் நீ பொண்ணு பாத்து இன்னா, பாக்காம இன்னா” என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

இதே காரணத்தால் இந்தப் பெண் பார்க்கும் படலம் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. தரகர் ஹேமநாத் கறாராகச் சொல்லிவிட்டார். “இந்த வெள்ளிக்கிழமையும் வரலன்னா அவங்க சூளூர்பேட்டைப் பையனுக்குச் சரின்னு சொல்லிடுவாங்க. அவனுக்கு லீவு பிரச்சினையே இல்ல. வேலையே இல்லையே.”

ஜெயபிரகாஷுக்கு சிவசங்கரியைப் பிடித்திருந்தது. போட்டோதான் பார்த்திருந்தான். மற்றப் பெண்களெல்லாம் போட்டோவில் சிரித்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் ஏதோ ஒரு பெரிய சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல இருந்தாள். அந்தச் சிரிப்பு எதற்காக என்று தெரிந்துகொள்ளாமல் செத்துப்போகக்கூடாது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. பெண் பி.எஸ்ஸி., திருப்பதியில் ஒரு காலேஜில் லேப் அசிஸ்டென்ட். “ஆசிட்டோட பழகுற பொண்ணு, பாத்திரமெல்லாம் சுத்தமா வச்சிக்கும்” என்று அவன் அம்மா தாட்சாயணி அப்போதே மருமகளாக்கிவிட்டிருந்தாள்.

தான் எப்பேர்ப்பட்ட உத்தியோகத்தில் இருக்கிறோம் என்று காட்டிக்கொள்ள, பயோடேட்டாவில் ஆபீஸ் மெயில் ஐடியைக் கொடுத்திருந்தான் ஜெயபிரகாஷ். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மனிதன் லீவு போடக்கூடாது என்றால் மெஷின் வேலை செய்யட்டும் என்று பைத்தான் மொழியில் ஒரு ப்ரோக்ராம் எழுத உட்கார்ந்தான். இந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் யாரோ புண்ணியவான் ரெடிமேட் கோட் எழுதி, அதற்கு லைப்ரரி என்று பெயரும் வைத்திருக்கிறான். பெட்டியைத் திறந்து மெயிலைப் படிக்க ஒன்று, பதிலை எழுதிக் கோக்க ஒன்று, கொண்டுபோய்ச் சேர்க்க ஒன்று.

அம்மா போன் செய்தாள். “எங்கடா கீற?”

“லைப்ரரிய வச்சிக்கினு ஒரு வேல பாத்துக்கினு கீறேம்மா.”

“பொண்ணு வூட்டுக்காரங்க பதில் கேட்டுக்கினு கீறாங்க. இப்ப போயி இன்னாடா புஸ்தகம் படிக்கிற?”

ப்ரோக்ராம் எளிமையானது. ஃபேக்டரிக்கு வருகிற மெயில்களில் பாதி, “காய் பறித்தாகிவிட்டது, அவசரம்” என்று கதறும். எல்லோரும் இங்கிலீஷ் எழுத்திலேயே தட்டுவார்கள். ஆகவே, அவசரம் என்ற வார்த்தை எங்கே இருந்தாலும் மெஷின் உடனே அதே இங்கிலீஷ் எழுத்தில் இப்படிப் பதில் போட வேண்டும்:

“உங்கள் அவசரம் புரிந்தது. லோடை இன்றே ஏற்றி அனுப்பவும். முதல் தரம் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். அடிபட்டது, வெம்பியது, முற்றிப்போனது இருந்தால் உங்கள் செலவிலேயே திருப்பி அனுப்பப்படும்.”

லோடு பற்றிய பதில் எல்லாவற்றிலும் முதலாளிக்கு ஒரு நகல் போகவேண்டும் என்பது ஃபேக்டரி விதி. அதையும் சேர்த்துவிட்டான். மெயிலில் இருக்கிற எல்லோருக்கும் பதில் போகும்படி வைத்தான், யாரும் விட்டுப்போகக்கூடாதே.

அன்று முழுக்க மெஷின் அசராமல் வேலை செய்தது. ஜெயபிரகாஷ் கால்மேல் கால் போட்டு டீ குடித்தான். மறுநாள் காலையில், போன மெயில்களைச் சும்மா ஒரு நோட்டம் விட்டவன் ஒரு பெயரை இரண்டு தடவை படித்தான். ஒரு பதில் திருப்பதி புருஷோத்தமனுக்குப் போயிருந்தது. பெண்ணைப் பெற்ற புருஷோத்தமனுக்கு.

அவர் பெயரில் வந்திருந்த மெயில் இதுதான்: “ஜாதகம் அவசரம் லேது. பில்ல நச்சிதே சாலு. சுக்ரவாரம் தப்பக்குண்டா ரண்டி.”

புருஷோத்தமன் சத்தியவேடு பக்கத்துத் தமிழர். வீட்டில் தமிழ்தான். ஆனால் படித்தது, வாத்தியாராகி ரிட்டயர் ஆனது எல்லாம் தெலுங்கில். அந்தப் பக்கத்தில் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. தமிழில் அவசரம் என்றால் அவசரம். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. ஜாதகமெல்லாம் தேவையில்லை, பெண்ணைப் பிடித்தால் போதும், வெள்ளிக்கிழமை தவறாமல் வாருங்கள் என்று மனிதர் தங்கமாக எழுதியிருக்கிறார். அதற்குத்தான் மெஷின், முதல் தரம் மட்டும் அனுப்பு, வெம்பியிருந்தால் திருப்பி அனுப்புவேன் என்று சொல்லியிருக்கிறது.

ஜெயபிரகாஷும் அதே ஜாதிதான். அம்மாவிடம் தமிழ், ஆபீஸில் தெலுங்கு, இரண்டு அவசரமும் அவன் வாயில் இத்தனை வருஷம் முட்டிக்கொள்ளாமல் குடித்தனம் நடத்தியிருந்தன. மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த அன்றைக்குத்தானா தமிழ்ப்பற்று பொத்துக்கொண்டு வரவேண்டும்?

நடந்ததை விளக்கி எழுதலாம். ஆனால் என் கல்யாண மெயிலை மெஷின் படிக்கிறது என்று எந்த மாமனாரிடம் சொல்ல முடியும்? முதலில் மெஷினைத் திருத்துவோம் என்று முடிவு செய்தான். வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவசரம் என்பதை அடுத்து லேது என்று வந்தால் வேறு பதில் போட வேண்டும். அவசரம் இல்லை என்கிறவரிடம் என்ன சொல்வோம்? பரபரவென்று தட்டினான்: “அவசரம் ஒன்றும் இல்லை. மெதுவாகவே பார்த்துக்கொள்ளலாம். இந்த சீசன் தப்பினால் அடுத்த சீசனில் வைத்துக்கொள்வோம்.”

விழுந்த பள்ளத்திலேயே இன்னொரு தடவை இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை.

மதியமே அம்மாவின் போன் வந்தது.

“அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்னு எழுதினியாமே. ஹேமநாத் என்னிய வாங்கு வாங்குன்னு வாங்கறாரு. பொண்ணு இன்னா மாங்காயாடா?”

பெட்டியைத் திறந்து பார்த்தான். “மீ அம்மகாரு கூடா வஸ்தாரா? காரு பம்பிஸ்தாம். பஸ்ஸு அவசரம் லேது.” உங்கள் அம்மாவும் வருகிறார்களா, கார் அனுப்புகிறோம், பஸ் தேவையில்லை. முதல் பதிலை வாங்கிக்கொண்ட பிறகும் கார் அனுப்புகிறேன் என்கிறார் மனிதர். அந்தப் பெருந்தன்மைக்கு மெஷின் அடுத்த சீசன் வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கிறது.

“அது நான் எழுதலம்மா.”

“பின்ன உன் லைப்ரரியில கீறவங்க எழுதினாங்களா?”

அவள் சொன்னது ஒரு வகையில் நிஜம்தான். ஜெயபிரகாஷ் போனை வைத்துவிட்டு, இனிமேல் புருஷோத்தமன் விஷயத்தில் மெஷின் யோசிக்கவே கூடாது என்று தீர்மானித்தான். அவர் முகவரியிலிருந்து என்ன வந்தாலும் ஒரே பதில்: “தாங்கள் சொல்வதே சரி. அப்படியே செய்துவிடலாம். எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.” ஒரு மாப்பிள்ளை எழுதக்கூடியதில் இதைவிடப் பத்திரமான வாக்கியங்கள் உலகத்தில் கிடையாது என்று நிம்மதியாகக் காய் இறக்கும் இடத்துக்குப் போனான்.

திரும்பி வந்து பார்த்தபோது அந்தப் பத்திரமான வாக்கியங்கள் அவனை விற்றுவிட்டிருந்தன.

கல்யாணத்துக்கு அப்புறம் குடித்தனம் திருப்பதியில்தான் என்று ஒரு மெயில். தாங்கள் சொல்வதே சரி. பெண் வேலையை விடமாட்டாள். அப்படியே செய்துவிடலாம். காலைக் காபி மாப்பிள்ளைதான் போட வேண்டும். ஆட்சேபணை இல்லை. மாப்பிள்ளை மீசையை எடுத்துவிட வேண்டும். எந்த ஆட்சேபணையும் இல்லை.

ஜெயபிரகாஷ் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பெண்ணைப் பெற்றவர் மீசை வரைக்குமா யோசிப்பார் என்று ஒரு சந்தேகம் வந்தது. ரிட்டயரான வாத்தியார் அப்படித்தான் இருப்பார் என்று சமாதானமும் செய்துகொண்டான்.

இனி நேரே பேசிவிடுவதுதான் மரியாதை என்று அவருக்குப் போன் செய்தான். எடுத்தது அவர் தங்கை மணியம்மா.

“அண்ணன் தூங்கிக்கினு கீறாரு தம்பி. இன்னா விஷயம்?”

“அந்த மெயிலுங்க பத்தி கொஞ்சம் பேசணும்.”

“அத மெயில்லயே போட்டுடு. உங்கிட்டருந்து பதில்தான் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வருதே. எனக்கு அங்க தோப்புல காய் பறிக்க ஆளுங்க வந்து நிக்கிறாங்க.”

வைத்துவிட்டாள். சரி என்று அவன் உட்கார்ந்து, மனசைக் கொட்டி, முதல் தடவையாகத் தமிழ் எழுத்திலேயே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினான். மெஷினைப் பற்றி ஒளிக்காமல் சொன்னான். போட்டோவில் பார்த்த சிரிப்பைப் பற்றிக்கூட ஒரு வரி எழுதினான். ஆபீஸ் பெட்டியில் தட்டினால் முதலாளி கண்ணில் படுமே என்று பயந்து, அதையும் ப்ரோக்ராம் வழியாகவே அனுப்பினான். தமிழ் எழுத்தை அனுப்பும்போது லைப்ரரியிடம் இது தமிழ் என்று ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். அதைச் சொல்ல மறந்துபோனான். அவன் கொட்டிய மனசு முழுவதும் திருப்பதியில் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகளாகப் போய் இறங்கியது.

பதில் வந்தது. “எந்துக்கு இன்னி ப்ரஷ்னலு?” எதற்கு இத்தனை கேள்விகள்? அதற்குக் கீழே: “சரக்கு ரெடி. முதல் தரம். அடி இல்லை, வெம்பல் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் ஜெயபிரகாஷை லாரியோடு அனுப்பவும்.”

படித்ததும் ஜெயபிரகாஷுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் மெஷின் எழுதியதையே எடுத்து அவன் முகத்தில் அடிக்கிறார் மனிதர். பெற்ற பெண்ணையே சரக்கு என்று எழுதுகிறார் என்றால் மனசு எவ்வளவு நொந்திருக்க வேண்டும். இது போதாதென்று நகலில் முதலாளியின் பெயர் வேறு இருந்தது. அதற்கும் மெஷின் சளைக்காமல் எல்லோருக்கும் பதில் போட்டிருந்தது: தாங்கள் சொல்வதே சரி, அப்படியே செய்துவிடலாம்.

அடுத்த நிமிஷம் முதலாளி கூப்பிட்டார்.

“யாருய்யா இந்தத் திருப்பதி புருஷோத்தமன்?”

பெண் பார்க்கிற விஷயத்துக்கு ஆபீஸ் மெயிலை உபயோகித்தேன், ஆபீஸ் மெயிலுக்கு மெஷினை வைத்தேன் என்று எந்தப் பக்கம் சொன்னாலும் வேலை போய்விடும்.

“புது பார்ட்டி சார்.”

“சரக்கு எப்பிடி?”

“போட்டோதான் சார் பாத்தேன்.”

“போட்டோவ பாத்து ஏமாந்துடாத. நேர்ல போயிப் பாரு. காய்க்கு எப்பிடி அடிச்சிக்கிறாங்க, பாக்கற இல்ல? பிடிச்சிருந்தா அங்கயே பேசி முடிச்சிடு. யோசிச்சிக்கினு நின்னா வேற எவனாச்சும் தூக்கிக்கினு போயிடுவான்.”

“அதான் சார் எனக்கும் பயம்.”

“அப்ப வெள்ளிக்கிழம ரகு லாரிய எடுத்துக்கினு கெளம்பு. லோடு ஏத்தாம மட்டும் திரும்பி வந்துடாத. காலி லாரி வந்துச்சுன்னா, நீ அப்பிடியே ஊருக்குப் போயிக்கினே இருக்கலாம்.”

லீவு கேட்டபோது கிடைக்காதது, கேட்காதபோது லாரியோடு கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் சித்தூர் வாடகை வீட்டு வாசலில், பட்டுப்புடவையோடு தாட்சாயணி லாரியில் ஏறினாள். டிரைவர் ரகு தன் துண்டை உதறி சீட்டில் விரித்துக் கொடுத்தான். மகனின் முகத்தை அப்போதுதான் அவள் சரியாகப் பார்த்தாள்.

“எங்கடா மீச?”

“எடுத்துட்டேம்மா.”

“யாரு சொன்னது?”

“மாமனாரு.”

சந்திரகிரி தாண்டுகிற வரைக்கும் அவள் ரோட்டைப் பார்க்காமல், மீசை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

திருப்பதியில் அந்தத் தெருவுக்குள் லாரி நுழைந்ததும் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லா வாசலிலும் ஆள் வந்து நின்றுவிட்டது. மணியம்மா வெளியே வந்து லாரியையும் மாப்பிள்ளையையும் பார்த்தாள்.

“கட்டில் பீரோவ இன்னிக்கே ஏத்திக்கினு போறாப்பலயா?”

“இல்லிங்க, வேற வண்டி கெடைக்கல.”

“வரட்டும், வரட்டும். வாங்க அண்ணி” என்று தாட்சாயணியைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டாள்.

புருஷோத்தமன் நல்லபடியாகத்தான் வரவேற்றார். முகத்தில் நொந்துபோன அடையாளமே இல்லை. அதுவே ஜெயபிரகாஷை அதிகமாகப் பயமுறுத்தியது. நடுவில் அவர் போன் அடித்தது. கையை நீட்டமட்டும் நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “மணி, யாருன்னு பாரு” என்று தங்கையிடம் கொடுத்தார்.

சிவசங்கரி காபி கொண்டு வந்தாள். ஜெயபிரகாஷின் முகத்தைப் பார்த்தாள். மூக்குக்குக் கீழே பார்த்தாள். டம்ளர் கிடுகிடுவென்று ஆடியது. அந்தப் போட்டோவில் இருந்த அதே அடக்கிய சிரிப்பு. போட்டோ பொய் சொல்லவில்லை என்று அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

“காபி எப்பிடி கீதுன்னு நல்லா பாத்து வச்சிக்குங்க. அப்புறம் நீங்கதான போடணும்” என்றாள்.

“உங்களுக்கு எல்லாத்துக்கும் சம்மதம்னு சங்கரி சொன்னா. ரொம்ப சந்தோஷம் மாப்ள” என்றார் புருஷோத்தமன்.

ஜெயபிரகாஷ் டம்ளரைக் கீழே வைத்தான். இந்த நல்ல மனிதரை ஏமாற்றக்கூடாது என்று வாயைத் திறந்தான்.

“அந்த மெயிலெல்லாம் வந்து...”

“இன்னா?” என்றாள் சிவசங்கரி. “இப்ப மாத்திப் பேசப் போறீங்களா?”

அவன் கண்முன்னால் வேலையில்லாத சூளூர்பேட்டைக்காரன் மீசையோடு வந்து நின்றான்.

“இல்ல. எல்லாம் நான்தான் எழுதினேன். ஒவ்வொண்ணையும் யோசிச்சு யோசிச்சுதான் எழுதினேன்.”

சிவசங்கரி சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டான் ஜெயபிரகாஷ்.

அந்த நேரம் பார்த்து முதலாளி போன் செய்தார். அவர் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

“இன்னாய்யா, நேர்ல எப்பிடி கீது?”

கூடமே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. “ரொம்ப நல்லா கீது சார்.”

“கிட்டப் போயிப் பாத்தியா?”

“பாத்தேன் சார்.”

“அப்ப விடாத, முடிச்சிடு.”

“முடிச்சிட்டேன் சார்” என்றான் ஜெயபிரகாஷ். அன்று அவன் சொன்னதில் முழு உண்மை அது ஒன்றுதான்.

தாட்சாயணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “லீவு குடுக்க மாட்டேன்னாரு, ஆனா பொண்ணு மேல எவ்ளோ அக்கற பாரு உங்க மொதலாளிக்கு” என்றாள். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். மாசம்கூடக் குறித்தார்கள். சீசன் முடிந்த பிறகுதான்.

விடைபெற்றுக்கொண்டு வாசலுக்கு வந்தபோதுதான் ஜெயபிரகாஷுக்குக் காலி லாரி ஞாபகம் வந்தது. பெண் கிடைத்துவிட்டாள், சாயங்காலம் வேலை போய்விடும். இப்போது அவனுக்கும் சூளூர்பேட்டைக்காரனுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, மீசையைத் தவிர.

லாரியிடம் வந்தான். ரகு தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். தார்ப்பாய்க்கு அடியில் கழுத்துமட்டும் தோதாபுரி. ஒவ்வொன்றும் முதல் தரம், ஒரு அடி இல்லை, ஒரு வெம்பல் இல்லை.

“இது எப்பிடி வந்துச்சு?”

“டிராக்டர்ல கொண்டாந்து போட்டாங்க சார். சந்திரகிரி தோப்பாம். நீங்கதான் சொல்லி வச்சிருந்தீங்கன்னு நெனச்சேன்.”

வழியனுப்ப வந்த மணியம்மா பக்கத்தில் நின்று லாரியைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயபிரகாஷ் அவளிடம் திரும்பினான்.

“உங்க தோப்பா அத்த? மாமா உங்ககிட்ட பறிக்கச் சொன்னாரா?”

“எங்க அண்ணனுக்குப் போன்ல பேரு படிக்கவே கண்ணு தெரியல, அவரா மெயில் எழுதுவாரு? காலேஜ் கம்ப்யூட்டர் லேப்ல கீற எங்க சங்கரி, மொதப் பதில் வந்த அன்னிக்கே இது மெஷினு, ஓரத்துல மொதலாளிக்கும் ஒரு காப்பி போவுதுன்னு கண்டுக்கினா, உனக்கு லீவு வாங்கறதுக்கு வேற வழியில்லன்னுதான் ‘சரக்கு ரெடி’ன்னு போட்டா, அண்ணன் பேர்ல அவ போட்ட எல்லா மெயில்லயும் மீச ஒண்ணுதான் தம்பி சும்மா வெளையாட்டுக்குப் போட்டது.”